சாவி யார் கையில்? பள்ளிக் கருவிகளும் உள்ளாட்சியும்



பள்ளிக்குக் கருவி கொடுக்கும் வேலை கணினியோடு தொடங்கியது என்று நாம் நினைக்கிறோம். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1924-இல் சென்னையில் தொடங்கிய மாகாண வானொலிக் கழகம் பணமில்லாமல் 1927-இல் முடங்கியது. அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சிக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. பள்ளி நாட்களில் மாலை 4 மணிக்குப் பிள்ளைகளுக்கு இசைப் பாடமும் கதையும் ஒலித்தன. வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாத மக்களுக்காகப் பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938-இல் அகில இந்திய வானொலி வரும்வரை இது நடந்தது. ஓர் உள்ளாட்சி மனம் வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இது சான்று.

அதே காலத்தில் கிராமத்தில் என்ன நடந்தது? 1920-இல் தலச் சுயாட்சிச் சட்டமும் தொடக்கக் கல்விச் சட்டமும் வந்தன. ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் பள்ளி நடத்தின. ஆனால் பல பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் ஊர்ச் சாவடியிலும் இருந்தன. பள்ளி பொதுப் பள்ளிதான். அதற்குப் போகும் தெரு பொதுத் தெருவாக இல்லை. எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் சட்டசபையில் கல்விக்காகவும் பொது வழிக்காகவும் சேர்த்தே போராட வேண்டியிருந்ததன் காரணம் இதுதான். உள்ளாட்சி கதவைத் திறக்காத இடங்களில் அரசின் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகளை நடத்தியது. ‘லேபர் ஸ்கூல்’ என்று பெரியவர்கள் சொன்ன அந்தப் பள்ளிகளின் தொடர்ச்சியே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். உள்ளாட்சி கைவிட்டதன் சாட்சி அவை.

விடுதலைக்குப் பின், 1958 பஞ்சாயத்துச் சட்டத்தின் வழியே ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. தொடக்கப் பள்ளிகள் அவற்றின் கைக்குப் போயின. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆனால் கட்டடம் ஒன்றியத்திடமே நின்றது. பெயர்ப் பலகையிலும் ‘ஊராட்சி ஒன்றியப் பள்ளி’ என்றே இருக்கிறது. ஆசிரியர் ஒரு துறையிடம், கூரையும் சுவரும் இன்னொரு துறையிடம் என்ற இந்தப் பிரிவினை இன்றும் தொடர்கிறது. பஞ்சாயத்து வானொலியும் தொலைக்காட்சி அறையும் வந்த காலத்திலும் கேள்வி ஒன்றுதான்: அந்த அறை ஊரிலா, சேரியிலா? சாவி யார் வீட்டில்?

கருவி வெறும் பொருள் அல்ல என்பதை நம் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்தபோது வீட்டுச் சாமான்களோடு தொலைக்காட்சிப் பெட்டிகளும் நொறுக்கப்பட்டன. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்கள் அழிக்கப்பட்டன. எது முன்னேற்றத்தின் அடையாளமோ அதுவே குறிவைக்கப்பட்டது.

73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சிக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களில் தொடக்க, இடைநிலைக் கல்வியும் ஒன்று. தலித் மக்களுக்குத் தலைவர் பதவியில் இட ஒதுக்கீடும் கிடைத்தது. விலை என்ன? 1997-இல் மேலவளவு முருகேசன் கொல்லப்பட்டார். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை முறையான தேர்தலே நடக்கவில்லை. 2020-இல் தெற்குத் திட்டையின் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். நாற்காலியே கிடைக்காத தலைவர் பள்ளிக்கு இணைய இணைப்பு வேண்டும் என்று எந்தக் கூட்டத்தில் பேசுவார்?

2011-இல் மாணவர்களுக்கு மடிக்கணினி வந்தது. பின்னர் உயர்தொழில்நுட்ப ஆய்வகம், திறன் வகுப்பறை. இவையெல்லாம் மாநில அரசு மொத்தமாக வாங்கி அனுப்புபவை. ஆனால் ஒழுகாத கூரை, தடைபடாத மின்சாரம், பூட்டும் கதவு, பழுதானால் உடனே பார்க்க ஓர் ஆள் ஆகியவை அருகில் இருந்துதான் வரவேண்டும். பெட்டி வருவது செய்தியாகிறது. பெட்டி பழுதாகிக் கிடப்பது செய்தியாவதில்லை.

சாகுபுரத்தில் நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலையை நிறுவிய குடும்பத்தின் பெயரே ஊர்ப் பெயரான இடம் இது. நிறுவனக் குடியிருப்பு, பக்கத்தில் ஆறுமுகனேரி பேரூராட்சி, காயல்பட்டினம் நகராட்சி, சுற்றிலும் கிராம ஊராட்சிகள், உப்பளங்கள். சில கிலோமீட்டருக்குள் நான்கு விதமான நிர்வாகம். உப்பளத் தொழிலாளியின் பிள்ளைக்கு எந்தக் கணினி கிடைக்கும் என்பதை அது எந்த எல்லைக்குள் பிறந்தது என்பதே தீர்மானிக்கக் கூடாது.

2023-இல் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கும் அறிவிப்பு வந்தது. இணைப்பு சமத்துவம் தருமா, நம் நிலமும் கட்டடமும் கைநழுவுமா என்ற விவாதம் நியாயமானது. எந்தத் துறை நடத்தினாலும் பராமரிப்புக் கணக்கை நம்மிடம் காட்டட்டும் என்பதுதான் என் நிலை.

மாணவ நண்பர்களே, ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். எத்தனை கணினி, எத்தனை ஓடுகிறது, மின்கட்டணத்தை யார் கட்டுகிறார்கள், அறைச் சாவி யாரிடம் என்று நான்கு கேள்வி கேட்டு எழுதி வாருங்கள். கிராமமானால் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். பேரூராட்சியானால் மன்ற உறுப்பினரிடம் மனுவாகக் கொடுங்கள். கிடைக்காத விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

நம் முன்னோர் பள்ளிக்குப் போகும் தெருவுக்காகப் போராடினார்கள். நாம் அந்தப் பள்ளிக்குள் இருக்கும் அறையின் சாவிக்காகப் போராடுகிறோம். போராட்டம் ஒன்றுதான். ஜெய் பீம்.