எல்ல முதல் பூந்தல வரை: ஒரு நதிக்கரையின் அந்திப்பொழுது வரலாறு

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்திலுள்ள எல்ல, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில், மலைத்தொடர் பிளவுபட்டுத் தெற்கே தாழ்நிலத்தைக் காட்டும் இடைவெளியின் தலைமாட்டில் அமைந்துள்ளது. அந்த இடைவெளியினூடாக இறங்கும் ஏ23 நெடுஞ்சாலை இராவணன் நீர்வீழ்ச்சியை ஒட்டிச் சென்று வெல்லவாயவில் முடிகிறது. கொழும்பிலிருந்து காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை எனக் கரையோரமாகவே வந்து பின்னர் உள்நாட்டுக்குத் திரும்பும் ஏ2 நெடுஞ்சாலையும் அதே வெல்லவாயவில்தான் வந்து சேர்கிறது. தேயிலை மலைகளைப் பார்த்துவிட்டுத் தென்கரையோரப் பயணத்தைத் தொடங்குவோர் இன்று இவ்விரு சாலைகளையும் இணைத்தே செல்கின்றனர். இடையில் திஸ்ஸமகாராமவில் தங்கி, மாலையில் திஸ்ஸ வாவியின் குளக்கட்டில் நடந்து, கொக்குகள் கூட்டங்கூட்டமாக மரங்களில் வந்தடைவதைப் பார்ப்பது இப்பயணத்தின் வழக்கமான ஒரு பகுதியாகிவிட்டது. அந்தக் கட்டில் நிற்பவர் இயற்கையின் தொன்மையான காட்சி ஒன்றைக் காண்பதாகவே எண்ணுகிறார். உண்மையில் அவர் பார்ப்பது, எல்ல மலைச்சரிவுகளில் விழுந்த மழைநீரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் தடுத்தும், திருப்பியும், கைவிட்டும், மீண்டும் தேக்கியும் வந்ததன் விளைவையே.

அந்நீரைக் கொண்டுசெல்வது கிரிந்தி ஓயா என்னும் நதி. பண்டாரவளை, எல்ல, பூனாகலை ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் திரளும் ஓடைகள் இதனைப் பெருக்குகின்றன; இராவணன் நீர்வீழ்ச்சியின் நீரும், 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியின் நீரும் இதிலேயே கலக்கின்றன. ஏறத்தாழ 117 கிலோமீற்றர் ஓடிக் கடலை அடையும் இந்நதி, தன் பாதையின் கீழ்ப்பாதியை இலங்கையின் மிக வறண்ட நிலப்பரப்புகளுள் ஒன்றின் ஊடாகக் கடக்கிறது. ஒக்டோபர் முதல் சனவரி வரையிலான மாதங்களில் பெரும்பகுதி மழையைப் பெறும் அந்நிலம், ஆனி முதல் புரட்டாதி வரை ஏறக்குறைய மழையின்றிக் காய்கிறது. காட்டுக் குட்டைகள் வற்றியபின் யானை, எருமை, மான், பன்றி அனைத்தும் எஞ்சிய நீர்நிலைகளை நோக்கி வெயில் தாழும் வேளையில் வருகின்றன. மனிதரும் அதே வேளையில், அதே காரணத்துக்காக, அதே நீரை நாடியே வந்தனர். இந்நிலத்தில் அந்திப்பொழுதின் நீர்க்கரை மனிதரும் விலங்கும் தவிர்க்க முடியாமல் எதிர்ப்பட்ட இடமாக இருந்தமைக்கு இதுவே காரணம்.

நீர்க்கரையைப் பெருக்கியவர்கள் உருகுணை அரசின் மக்கள். கிறித்துவுக்கு முற்பட்ட மூன்றாம் நூற்றாண்டில், அனுராதபுரத்து மன்னன் தேவநம்பிய தீசனின் தம்பி மகாநாகன் மாகமவைத் தலைநகராகக் கொண்டு இவ்வரசை நிறுவியதாக மரபு கூறுகிறது. திஸ்ஸ வாவியும் அவனுடைய காலத்தையோ அவனுக்கு அடுத்த தலைமுறைகளையோ சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. வாவி என்பது இங்கே இயற்கை ஏரியன்று. தாழ்நிலத்தின் குறுக்கே நீண்ட மண்கட்டு எழுப்பி, வயலுக்கு நீர்விட மதகும், மிகைநீர் கரையை உடைக்காமல் வெளியேற வானும் அமைத்து உருவாக்கப்பட்ட செயற்கை நீர்த்தேக்கம். கிரிந்தி ஓயாவின் குறுக்கே எல்லேகலவில் உள்ள அணை நதிநீரைத் திருப்பி, திஸ்ஸ, யோத, தெபர, வீரவில ஆகிய வாவிகளுக்கு அனுப்புகிறது. திஸ்ஸமகாராமவின் அகுறுகொடவில் நடந்த அகழாய்வுகள், இந்நீரை நம்பி வாழ்ந்த நகரம் கைத்தொழிலும் கடல்வாணிகமும் செழித்த ஒன்றாக இருந்தது என்பதைக் காட்டியுள்ளன. தமிழ்ப் பிராமி எழுத்துடையதாகச் சில அறிஞர் கொள்ளும் மட்பாண்டத் துண்டு ஒன்றும் அங்கே கிடைத்தது, எனினும் அதன் வாசிப்பில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆழமற்ற, பரந்த, கரையில் மருதமரங்கள் நிழல் பரப்பிய இவ்வாவிகள் நெல்லுக்காக வெட்டப்பட்டவை. ஆனால் வறண்ட மாதங்களிலும் நீர் தங்கிய அப்பரப்புகள் கொக்கு, நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், தாமரைக்கோழி ஆகியவற்றுக்கும், சதுப்புநில முதலைக்கும் நிலையான வாழிடங்களாயின.

பழைய அரசுகள் மங்கிய பின்னர் கட்டுகள் உடைந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன, மலேரியாக் காய்ச்சல் பரவியது. மனிதர் குறைந்த இடத்தைக் காடு மீட்டுக்கொண்டது. 1817-18இல் பிரித்தானியருக்கு எதிராக ஊவா, வெல்லஸ்ஸ பகுதிகளில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய படைகள் பயிரையும் கால்நடையையும் அழித்து, குளங்களையும் உடைத்து, எஞ்சியிருந்த குடியிருப்பையும் சிதைத்தன. பிற்காலத்து வேட்டை நூல்கள் மனிதக் காலடி படாத கன்னிக்காடு என்று புகழ்ந்த நிலத்தின் பெரும்பகுதி, இவ்வாறு மனிதரை இழந்த நிலமே என்பதைத் தெற்கின் வனவிலங்கு வரலாற்றை எழுதுவோர் பலர் போதிய அழுத்தத்துடன் கூறுவதில்லை.

அக்காலத்திலும் இவ்வழியில் போக்குவரத்து முற்றாக நின்றுவிடவில்லை, ஏனெனில் மலைநாட்டுக்கு உப்பு வேண்டியிருந்தது. அம்பாந்தோட்டைக் கரையிலுள்ள ஆழமற்ற உவர்நீர்க் களப்புகள், அதாவது மணல்திட்டால் கடலிலிருந்து பிரிக்கப்பட்ட நீர்ப்பரப்புகள், கோடையில் வற்றும்போது உப்பு தானாகவே படிந்தது. லேவாய எனப்படும் அந்த இயற்கை உப்பளங்களிலிருந்து உப்பும் கருவாடும், மலையிலிருந்து பாக்கும் பிற விளைபொருள்களும், தவளம் என வழங்கிய பொதிமாட்டு அணிகளில் ஏறி இறங்கின. கண்டி இராச்சிய காலத்தில் முஸ்லிம் வணிகர் இத்தொழிலில் முன்னின்றனர். மாடுகளுக்கு நீர் காட்டி இரவு தங்குவதற்கு நீர்க்கரையே ஏற்ற இடமாயிருந்தது. அந்நீரைத் தேடி யானையும் சிறுத்தையும் கரடியும் வரும் என்பதால், அந்திக்குள் பொதியை இறக்கி, தீ மூட்டி, மாட்டைக் காப்பதே பயண ஒழுங்காயிற்று.

கோப்பித் தோட்டங்கள் ஊவா மலைகளில் பரவிய 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நீர்க்கரைக்கு மற்றொரு வகை மனிதர் வந்தனர். பதுளையின் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் புகழ்பெற்றார். யானையைப் பயிரழிக்கும் பீடையாகக் கருதிய அரசு, அதைக் கொல்வோருக்கு வெகுமதி வழங்கிய காலம் அது. 1845இல் அப்புத்தளையில் இடி தாக்கி அவர் இறந்தார். பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாகவே எழுப்பப்பட்டது. நீருக்கு வரும் விலங்கைக் கரையில் காத்திருந்து சுடுவது எளிதென்பதால், இக்காலத்து அந்திப்பொழுது விலங்குகளுக்கு மிகக் கொடியதாயிற்று. வேட்டைப்பொருள் அருகிவருவதை உணர்ந்த வேட்டைக்காரத் துரைமாரே 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். 1900இல் மாணிக்க கங்கைக்கும் கும்புக்கன் ஆற்றுக்கும் இடைப்பட்ட காடு, பின்னாளில் யால என அறியப்படுவது, காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. சுடுவதற்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்ற நோக்கம் அதன் தொடக்கத்தில் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்நோக்கத்திலிருந்து பிறந்த எல்லைக்கோடுதான் பின்னர் விலங்குகளைக் காத்தது.

அக்காப்பிடத்தின் முதல் காவலர் ஊவாவின் வழியாகவே வந்தவர். தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளுக்காக 1900இல் எல்லவுக்கு அருகிலுள்ள தியத்தலாவையில் முகாம் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் நாடு திரும்ப முடியாமற்போன ஹென்றி எங்கல்பிரெக்ட், அம்பாந்தோட்டையில் தங்கி, காட்டு விலங்குகளைக் காக்கும் பணியில் அமர்ந்தார். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபராயிருந்து, உப்புச் சேகரிப்பையும் கதிர்காம யாத்திரையையும் மேற்பார்வை செய்த லெனார்ட் வுல்ஃப் தம் நினைவுக்குறிப்புகளில் இவரைப் பற்றி எழுதியுள்ளார்.

வுல்ஃபும் எங்கல்பிரெக்டும் நூல்களில் இடம்பெற்றுள்ளனர். இவ்வழியில் மிக அதிகமாக நடந்தவர்களோ பெயரின்றியே கடந்தனர். அருணகிரிநாதர் பாடிய முருகன் தலமான கதிர்காமம் மாணிக்க கங்கைக் கரையில், திஸ்ஸமகாராமவுக்கு வடகிழக்கே உள்ளது. ஊவாத் தோட்டங்களில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உழைத்த தமிழர், ஆடித் திருவிழாக் காலத்தில் மலையிறங்கி, வெல்லவாய, புத்தல வழியாகக் கால்நடையாகவே அங்கே சென்றனர். தோட்ட உழைப்பாளர் கூடும் இடத்தில் வாந்திபேதி பரவும் என அஞ்சிய குடியேற்ற அரசு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாத்திரிகரின் தொகையைக் கட்டுப்படுத்தியது. நோய் பற்றிய அச்சம் உண்மையானதே எனினும், தோட்டத்தில் வேலையாட்கள் குறையக்கூடாது என்ற கவலையும் அக்காலத்துத் துரைமாருக்கு இருந்தது. யாத்திரிகர் பகல் வெயிலில் நடந்து, அந்தியில் ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ கூட்டமாகத் தங்கினர். நீராடி, சமைத்து, அரோகரா முழக்கத்துடன் தீயைச் சுற்றி இரவைக் கழித்தனர். அவர்களிடம் துப்பாக்கி இல்லை. விலங்குக்கு நீர் வழியை விட்டு விலகித் தங்குவதும், காட்டு வழியில் எதிர்ப்படும் யானையை வழிபாட்டுச் சொல்லால் அழைத்துக் கடப்பதும் அவர்களுடைய தற்காப்பாயிருந்தன. இந்நீர்க்கரையில் விலங்கைக் கொல்லாமல் அதனுடன் அந்தியைப் பகிர்ந்துகொண்ட மரபு ஒன்று உண்டெனில், அதற்கு உரிமை கோரத்தக்கவர்களுள் முதல்வர் இவர்களே. பொழுதுபோக்கு நடைக்கு இன்றுள்ள விளம்பரங்களில் அவர்களுக்கு இடமில்லை என்பது வருந்தத்தக்கது.

20ஆம் நூற்றாண்டின் சட்டங்கள் இந்நிலத்தின் தோற்றத்தை மாற்றின. அதற்கு முன்பே, 1870களில், திஸ்ஸ வாவி புதுப்பிக்கப்பட்டு வயல்கள் மீண்டும் விரிந்திருந்தன. 1938இல் யால தேசியப் பூங்காவாயிற்று, அதே ஆண்டில் வீரவில, திஸ்ஸ வாவிகளைச் சூழ்ந்த பகுதியும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வீரவில வாவியின் குறுக்கே ஏ2 நெடுஞ்சாலையே அமைந்திருப்பதால், வண்டியை விட்டு இறங்காதவரும் இருபுறமும் நீர்ப்பறவைகளைக் காண்கிறார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் 1980களில் வந்தது. கிரிந்தி ஓயாவை மறித்து லுணுகம்வெகர நீர்த்தேக்கம் 1986 அளவில் முடிக்கப்பட்டது. பழைய வாவிகளின் வயல்களுக்கு நீரை உறுதிப்படுத்துவதோடு, புதிய குடியேற்ற நிலங்களையும் நனைப்பது திட்டம். மலையிலிருந்து வந்த நீர் திட்டமிட்டவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லாததால், பழைய வயல்காரருக்கும் புதிய குடியேற்றவாசிகளுக்கும் இடையே நீர்ப்பங்கீட்டுச் சிக்கல் தொடர்ந்தது. எதிர்பாராத மற்றொரு விளைவு பூந்தலக் கரையோரத்தில் தோன்றியது. புதிய வயல்களின் வடிநீர் எம்பிலிகல களப்புக்கும், அதன்வழி மலல களப்புக்கும் பாய்ந்தது. பூந்தலவின் இக்களப்புகளில் உவர்ப்பு மிக்க நீரில் வாழும் நுண்ணுயிர்களையும் சிற்றிறால் வகைகளையும் பூநாரைகள் வடிகட்டி உண்டுவந்தன; நன்னீரும் அதனுடன் வந்த உரமும் உவர்ப்பைக் குறைத்து அந்த இரையை மாற்றியதால், பூநாரைகளின் வருகை வெகுவாகக் குறைந்தது. 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது ஈரநிலங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின்படி அங்கீகரிக்கப்பட்ட இடமாக, பூந்தல பெயர்பெற்றதும், 1993இல் தேசியப் பூங்காவானதும் இதே காலத்தில்தான். எல்லை வகுத்துக் காவல் அமர்த்திய நிலத்தினுள், எல்லைக்கு வெளியே திருப்பிவிடப்பட்ட நீர் புகுந்து உயிரினங்களை மாற்றியது.

ஆகவே பூந்தலவின் பூநாரையைப் பற்றிய விசாரணை களப்பில் முடிவடையாது. அது லுணுகம்வெகரவின் மதகுக்கும், அங்கிருந்து மலைக்கும் செல்ல வேண்டும். அந்த மலையில் காட்டை வெட்டித் தோட்டமாக்கியபோது சரிவு மண் தளர்ந்தது. நீரோட்டத்தின் தன்மையும் வண்டலின் அளவும் அதனால் மாறின. அதே சரிவுகளில்தான் லயன் எனப்படும் வரிசை வீடுகளின் அறைகளில் தோட்டத் தொழிலாளர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தைக்கு அருகில் மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்களைப் புதைத்தபோது உயிரிழந்தவர்கள் அவர்களே. களப்பின் உவர்ப்பையும் வாவியின் நீர்மட்டத்தையும் அளக்கும் திட்டங்கள், நதியின் தலைப்பில் குடியிருக்கும் இம்மக்களின் நிலப்பாதுகாப்பையும் அதே நீரின் கணக்கில் சேர்த்தாக வேண்டும். பாதுகாப்பான காணியும் வீடும் கிடைத்தால்தான் செங்குத்தான சரிவுகளை மீண்டும் மரங்களுக்கு விட்டுக்கொடுப்பது பற்றி அவர்களுடன் நேர்மையாகப் பேச முடியும்.