உரைநடைக்கு உரை

காலடிப்பேட்டை என்றால் யாரோ ஒரு மகானின் காலடி பட்ட இடம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட் பேட்டை தறிக்காரர் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. வாயில் நுழையாத பெயரை ஜனங்கள் விட்டுவிடவில்லை; தம் வாய்க்குத் தக்கபடி ஆக்கிக்கொண்டார்கள். கடினமான நாவல்கள் விஷயத்தில் நம் கல்லூரிகள் இதைச் செய்யவில்லை.

காரணம் பழையது. செய்யுளுக்கு உரை சொல்லும் மரபு நமக்கு ஆயிரம் வருஷத்துக்குக் குறையாதது. உரைநடை என்ற சொல்லிலேயே உரை இருக்கிறது. விளக்குவதற்கென்று வளர்ந்த ஒன்றுக்கு விளக்கம் எதற்கு? மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டபோது, தமிழில் வசன நூல் இல்லாத குறையைத் தீர்ப்பதோடு நீதி புகட்டுவதும் அவர் நோக்கம். வசனம் எளிது என்பது அன்றே முடிவாகிவிட்டது. பின்னால் நாவல் பாடமாக வந்தபோது கதைச் சுருக்கமும் பாத்திரப் படைப்பும் போதும் என்றாயிற்று. குறளுக்குப் பரிமேலழகரைத் துணைக்கழைக்கும் ஆசிரியர், நாவலை வீட்டில் படித்துக்கொள் என்கிறார். மாணவன் நோட்ஸைப் படித்துக்கொள்கிறான்.

வழி கல்லூரிக்கு வெளியே இருந்தது. தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதச் செய்யுளைச் சொல்லி, நிறுத்தி, பொருள் விரித்து, பல நாட்கள் நடத்துவார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் கடினமான ஒரு நூலுக்குள் இப்படித்தான் போனார்கள். பெரம்பூரில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை இத்தகைய பிரசங்கங்களுக்கான இடம்தான். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கிருந்து கிளைத்தது. சேர்ந்து கேட்டவர்கள் சேர்ந்து கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

எண்பதுகளில் காலடிப்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர், டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த போரும் வாழ்வும் நாவலை வாய்விட்டு வாசித்தோம். ஆங்கிலப் பிரதி ஒன்றும் பக்கத்தில் இருக்கும். இரண்டு வருஷம் பிடித்தது. பேஸுகோவும் பால்கோன்ஸ்கியும் மூன்றாம் வாரமே குண்டன், மிலிட்டரிக்காரர் ஆகிவிட்டார்கள். எண்ணூர் அனல் மின் நிலையத்தில் ஷிப்டு பார்த்தவர் ஒருவர் இருந்தார். நைட் ஷிப்டு முடிந்து மறுவாரம் அவர் வந்தால் விட்டுப்போன பகுதியை யாராவது சொல்லவேண்டும். சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர், ‘அப்படி இல்லீங்க, நடாஷா அவனை நம்பித்தான் கிளம்பப் பார்க்கிறா’ என்று மறுப்பார். புத்தகத்தைத் திறந்து மறுபடி வாசிப்போம். போதனை என்று அங்கே நடந்தது அவ்வளவுதான். நான் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் பேசியும் ஒரு மாணவன்கூட இப்படி மறுத்துப் பேசியதில்லை.

இலக்கியம் படித்தவர்கள் தாண்டிவிடுகிற பக்கங்கள் அந்த நாவலில் உண்டு. தளபதியின் உத்தரவுப்படி யுத்தம் நடப்பதில்லை என்று போரோடினோவின் நடுவே டால்ஸ்டாய் வாதித்துக்கொண்டே போவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நண்பருக்கு அவைதான் லேசாக இருந்தன. கப்பலில் சரக்கு இறங்குவதும் ஆபீஸ் உத்தரவுப்படி இல்லையே என்றார்.

டால்ஸ்டாய்க்கே இப்பகுதிகளில் சந்தேகம் வந்திருக்கிறது. 1873 பதிப்பில் வரலாற்று விசாரணைகள் பலவற்றைப் பின்னிணைப்பாகத் தள்ளினார். பிரெஞ்சு உரையாடல்களையும் ருஷ்யத்தில் மாற்றினார். பிற்காலப் பதிப்புகளில் அவை பழைய இடத்துக்குத் திரும்பின. இதை மொட்டைமாடியில் சொன்னபோது கிரேன் நண்பர் கேட்டார்: ‘யார் பேச்சைக் கேட்டு எடுத்தாராம்?’