மதர் இந்தியா: எரிந்துபோன பேரேடு

மதர் இந்தியான்னு சொன்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வருவது கலப்பையைத் தோளில் சுமக்கும் நர்கீஸ்தான். போஸ்டரே அதுதானே. இந்த முறை படத்தைத் திரும்பப் பார்த்தப்போ என் கண் போனது வேறு ஒரு பொருள் மேல். வட்டிக்காரன் சுகிலாலாவின் கணக்குப் பேரேடு.

கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். ராதாவின் கல்யாணச் செலவுக்கு மாமியார் 500 ரூபாய் கடன் வாங்குகிறாள். நிபந்தனை என்ன என்பதில் தகராறு வருகிறது. பஞ்சாயத்து சுகிலாலா பக்கம் தீர்ப்புச் சொல்ல, விளைச்சலில் முக்கால் பங்கு வட்டிக்கே போகிறது. வருமானத்தைக் கூட்டலாம்னு பாறை நிலத்தைத் திருத்தப் போய்த்தான் கணவன் இரண்டு கைகளையும் இழக்கிறான். அவமானம் தாங்காமல் வீட்டை விட்டே போய்விடுகிறான். பிறகு வெள்ளம், பட்டினி, குழந்தைச் சாவு. ராதா படும் பாடு அத்தனைக்கும் தொடக்கம் அந்த 500 ரூபாய்தான். அசல் அடையவே இல்லை.

இது சினிமாக்காரர்கள் மிகைப்படுத்தியது என்று நினைத்தால் தப்பு. படம் வந்தது 1957 அக்டோபரில். அதற்கு மூணு வருஷம் முன்னாடி, 1954 இல், அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வின் அறிக்கை வெளிவந்தது. 75 மாவட்டங்கள், 600 கிராமங்கள், ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள். 1951-52 இல் கிராமத்தார் வாங்கிய கடனில் கிட்டத்தட்ட 70 சதவீதம் வட்டிக்காரர்களிடமிருந்து. கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3 சதவீதம் சொச்சம். அரசாங்கமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இந்த அறிக்கையின் பரிந்துரைப்படிதான் 1955 ஜூலையில் இம்பீரியல் வங்கி ஸ்டேட் வங்கியானது. ஆக, தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு சுகிலாலா பழங்கதை ஆசாமி இல்லை. ஊருக்குப் போனால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்.

இப்போ பேரேட்டுக்கு வருவோம். ராதாவின் சின்ன மகன் பிர்ஜு (சுனில் தத்) கடைசியில் கொள்ளைக்காரனாகி ஊருக்குத் திரும்புகிறான். சுகிலாலாவின் பேரேடுகளை நெருப்பில் போடுகிறான், ஆளையும் கொல்கிறான். இதைப் பார்த்ததும் எனக்கு 1875 தான் நினைவுக்கு வந்தது.

அந்த வருஷம் மே 12 ஆம் தேதி, புனே மாவட்டம் சூபா கிராமத்தில் குடியானவர்கள் திரண்டு வட்டிக்காரர்களின் வீடுகளுக்குள் புகுந்தார்கள். தேடியது பணத்தையோ நகையையோ அல்ல, கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும். எரித்ததும் அவற்றைத்தான். கலகம் அகமத்நகர் பக்கமும் பரவியது. காரணங்கள் பல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இந்தியப் பருத்திக்கு வந்த கிராக்கி போர் முடிந்ததும் சரிந்தது. கடன் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை இறுக்கினார்கள். அதே நேரத்தில் நிலவரி ஏறியது. இன்னொரு சங்கதி, 1859 இல் வந்த காலவரம்புச் சட்டம். கடன் பத்திரம் மூணு வருஷத்துக்குத்தான் செல்லும் என்றது. குடியானவனைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம். நடந்தது என்னன்னா, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வட்டியையெல்லாம் அசலோடு சேர்த்துப் புதுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். குட்டி போட்ட வட்டி தாயாகவே ஆகிவிட்டது. எழுத்து தெரியாதவன் அந்தத் தாளை எரிக்காமல் வேறு என்ன செய்வான்? 1879 இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தபோது, பத்திரத்தில் உள்ள தொகையை அப்படியே ஏற்காமல் கடனின் பூர்வோத்திரத்தை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தார்கள். எரித்ததற்குக் கொஞ்சமாவது பலன் இருந்தது.

பிர்ஜு எரித்ததற்கு என்ன பலன்? அங்கேதான் படம் தடம் மாறுகிறது. பேரேட்டை எரித்த கையோடு அவன் சுகிலாலாவின் மகளையும் கல்யாண நாளில் தூக்கிக்கொண்டு போகிறான். ஊர்ப்பெண்ணின் மானத்துக்காக ராதா சொந்த மகனைச் சுடுகிறாள். கடன் பற்றிய வழக்கு மானம் பற்றிய வழக்காகிவிட்டது. இரண்டாவது வழக்கில் தாய் சொல்லும் தீர்ப்பை யாரும் மறுக்க முடியாது. முதல் வழக்கு அப்படியே மறந்துபோகிறது.

ஏன் இப்படி? படத்தின் பெயரே ஒரு பதில். கேதரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண்மணி 1927 இல் இதே பெயரில் எழுதிய புத்தகம், இந்தியப் பெண்களின் நிலையைக் காட்டி இந்தியர்களுக்குச் சுயாட்சி நடத்தத் தகுதியில்லை என்று வாதாடியது. அதனால் 1955 இல் படத்தின் பெயர் காதில் விழுந்ததுமே மத்திய அமைச்சகங்கள் திரைக்கதையை அனுப்பச் சொன்னார்கள். மெஹபூப் கானின் நிறுவனம் திரைக்கதையோடு விளக்கக் கடிதமும் அனுப்பியது: அந்தப் புத்தகத்துக்கு நேர் எதிரானது எங்கள் படம் என்று. மேயோவுக்குப் பதில் சொல்லப் புறப்பட்ட படம் பெண்ணின் மானத்தில் போய் முடிவதில் ஆச்சரியம் இல்லை. ஆனா பேரேடு விஷயத்துக்கு அது பதில் ஆகுமா?

மெஹபூப் இதே கதையை 1940 இலேயே 'ஔரத்' என்று எடுத்தவர். அதில் ராதாவாக சர்தார் அக்தர். சுகிலாலா மட்டும் இரண்டிலும் ஒரே நடிகர், கன்னையாலால். பதினேழு வருஷத்தில் தாய் மாறினாள், மகன்கள் மாறினார்கள், ஆட்சியே மாறியது, வட்டிக்காரன் மாறவில்லை! இது தற்செயலா, நையாண்டியா என்று எனக்குள் ஒரு சிரிப்பு.

1957 இல் புதிதாகச் சேர்ந்தது கால்வாய். கதர் போட்டவர்கள் கிழவி ராதாவைக் கூட்டிவந்து திறந்துவைக்கச் சொல்கிறார்கள். முழுப் படமும் அவளுடைய நினைவு. முடிவில் மதகு திறக்க, வரும் தண்ணீர் மகனின் ரத்தம்போலச் சிவந்து தெரிகிறது. அணைகளும் கால்வாய்களும் கட்டிக்கொண்டிருந்த நேரு காலத்து அரசாங்கத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது, அதைவிடக் கசப்பான விளம்பரமும்தான். பாசனம் வந்தாயிற்று, டிராக்டர் வந்தாயிற்று. அந்த ஊருக்குக் கூட்டுறவுச் சங்கம் வந்ததா, சுகிலாலாவின் இடத்துக்கு யார் வந்து உட்கார்ந்தார்கள், ராதாவின் நிலத்தில் முக்கால் பங்கு இன்னும் யாருக்குப் போகிறது, இதில் எதையும் படம் சொல்வதில்லை.