கல்லும் சான்றும்

ஈச்சிலம்பற்றுக்கு வடக்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் மூதூர் இருக்கின்றது. அங்கே ‘வெள்ளைக்காரன் மரம்’ எனப் பெயர் பெற்ற புளியமரத்தடியில், 1893ஆம் ஆண்டு ஒரு நினைவுக்கல் நாட்டப்பெற்றது. ‘அன்’ என்னும் கப்பலின் தலைவரான றொபேட் நொக்ஸ் 1660இல் அம்மரத்தடியிற் பிடிபட்டார் என்றும், கண்டி மன்னனிடம் 19 ஆண்டு கைதியாயிருந்தார் என்றும் அக்கல் கூறுகின்றது.

கல்லிற் பொறித்தது பொய்க்குமோ என எண்ணுவது மக்கள் இயல்பு. ஆயினும், நொக்ஸ் எழுதி 1681இல் இலண்டனில் வெளிவந்த இலங்கை பற்றிய நூலைப் பார்ப்போமாயின், செய்தி வேறாகின்றது. கப்பலின் தலைவர் தந்தை. மைந்தரின் பெயரும் றொபேட் நொக்ஸ். புயலிற் பாய்மரத்தை இழந்து, அதனைச் செப்பனிட வந்தபோது இருவரும் சிறைப்பட்டனர். தந்தை 1661இல் நோயுற்று இறந்தார். சிறையிருந்து, 1679இல் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தவர் மைந்தரே. நிகழ்ச்சிக்கு 233 ஆண்டு பிந்திய கல், இருவரை ஒருவராக்கிவிட்டது.

இனி, அந்நூலை முழுதும் நம்பலாமா? நொக்ஸ் சிறைப்பட்ட அதே 1660இல் இலண்டனில் தோன்றிய அரச கழகம், எவர் சொல்லையும் சொல்லளவில் ஏலாதே என்பதைத் தன் கொள்கையாக வரித்துக்கொண்டது. அக்கழகத்து அறிஞர் றொபேட் ஹூக்கே நூலுக்கு முன்னுரை வரைந்தார். எனினும், பெரியார் ஒருவரின் முன்னுரை சான்றாகிவிடாது. மலைநாட்டு உழவையும் ஊர்வழக்கையும் நொக்ஸ் ஆண்டுக்கணக்கிற் கண்டவர். அங்கே அவர் சொல்லுக்கு நிறையுண்டு. இரண்டாம் இராசசிங்கனின் கொடுமையை அவர் உரைக்கும்போதோ, உரைப்பவர் கைதி என்பதை மறத்தலாகாது. அதனால் அவர் கூற்றுப் பொய்யென்பதும் பொருந்தாது. ஒல்லாந்தர் குறிப்புகளோடு ஒப்பிட்டே துணிதல் வேண்டும்.

நமக்கு உரிய சோதனையும் அந்நூலில் உண்டு. தப்பிச் செல்லும் வழியில், அனுராதபுரத்தருகே சிங்களம் அறியாத தமிழ்மக்களைக் கண்டதாக நொக்ஸ் எழுதுகின்றார். தமிழர் இதனை உவந்து எடுத்தாள்வர். உவப்பில்லாதோர் இதனை விடுத்து, தமக்கிசைந்த வேறு வரிகளைத் தேடுவர். இருசாராரும் செய்யும் பிழை ஒன்றே: முடிவை முன்னே வைத்துச் சான்றைப் பின்னே தேடுகின்றனர். அவ்வரி, 1679இல் ஒருவர் ஓரிடத்திற் கண்டதற்குச் சான்று. எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் உரிய சான்றன்று.

நிலமும் பழமையும் வழக்குக்குள்ளாகும் இக்கரையோரத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று. கண்டவர் யார், கண்டு எத்தனை காலத்தின் பின் உரைத்தார், அவரைச் சாராத பிறிதொரு சான்று உண்டா என்னும் மூன்று வினாக்களையும், நமக்கு இனிக்கும் செய்தியிடத்தே முதலிற் கேட்போமாக. மாற்றார் கூறும் செய்தியிடத்து அவற்றைக் கேட்க எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.