அனுமதிப்பத்திரம் இரத்தாகும் இரவில் முதியோருக்கு யார் பொறுப்பு?

விதிகளை மீறி நடத்தப்படும் முதியோர் இல்லமொன்றின் அனுமதிப்பத்திரத்தை அதிகாரிகள் இரத்துச் செய்வதில் தவறேதுமில்லை. செய்யாது விடுவதே தவறு. ஆனால் அவ்வுத்தரவு கையளிக்கப்படும் வேளையில் உள்ளே கட்டிலில் கிடப்பவர்கள் அன்றிரவு எங்கே உறங்குவார்கள், மறுநாட்காலை அவர்களுக்குரிய குளிசையை யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை. நிர்வாகிக்கென விதிக்கப்பட்ட தண்டனையை இல்லவாசியே அனுபவிக்க நேர்கிறது.

வசதி படைத்த அமெரிக்காவிலேயே இது நடந்தது. கலிபோர்னியா மாநிலத்தின் கஸ்ட்ரோ வெலியில் இயங்கிய 'வெலி ஸ்பிரிங்ஸ் மேனர்' என்ற இல்லத்தின் அனுமதிப்பத்திரத்தை மாநில சமூக சேவைகள் திணைக்களம் 2013 ஒக்டோபரில் இடைநிறுத்தியது. சம்பளம் கிடைக்காத ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினர். எஞ்சியவர்கள் சமையற்காரர் ஒருவரும் துப்புரவுப் பணியாளர் ஒருவருமே. பத்துக்கும் அதிகமான முதியோருக்கு உணவும் மருந்தும் கொடுத்து இரவும் பகலும் காவலிருந்தவர்கள் அவ்விருவர்தான். தீயணைப்புப் படையினரும் பொலிஸாரும் வந்து பொறுப்பேற்கச் சில நாட்கள் சென்றன. 2014இல் அம்மாநிலத்தின் முதியோர் பராமரிப்புச் சட்டங்கள் திருத்தப்பட இந்நிகழ்வு காரணமாயிற்று. மூடும்படி உத்தரவிட்ட திணைக்களம் செய்யத் தவறியதை ஒரு சமையற்காரர் செய்தார் என்பது எந்த அரசுக்கும் பெருமை தரக்கூடியதன்று.

இங்கிலாந்தில் பறிபோனது அனுமதியன்று, பணம். ஏறத்தாழ 31,000 முதியோரைப் பராமரித்துவந்த 'சதர்ன் குரொஸ்' நிறுவனம் 2011இல் நிலைகுலைந்தது. அதன் பின்னர் இயற்றப்பட்ட 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், வர்த்தகரீதியில் வீழ்ச்சியடைந்து ஓர் இல்லம் இயங்க முடியாது போனால் அங்கிருப்போரின் தேவைகளைத் தற்காலிகமாக நிறைவேற்றும் கடமையை உள்ளூராட்சிச் சபையின் மீது சுமத்துகிறது. சொந்தப் பணத்தில் தங்கியிருப்போருக்கும் இது பொருந்தும். செலவு பற்றிய கணக்கைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

நமக்கு அண்மையிலுள்ள தமிழ்நாட்டின் அனுபவம் இன்னும் கசப்பானது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூருக்கு அருகே பாலேஸ்வரத்தில் இயங்கிய கருணை இல்லம் 2018 பெப்ரவரியில் சர்ச்சைக்குள்ளாகியது. சடலமொன்றும் உயிருள்ள மூதாட்டி ஒருவரும் ஒரே வாகனத்தில் கொண்டுசெல்லப்பட்டமை பிடிபட்டதிலிருந்து விவகாரம் வெடித்தது. இல்லத்தின் உரிமம் முன்னரே காலாவதியாகிவிட்டதென அதிகாரிகள் கூறினர். அங்கிருந்தோர் சில நாட்களுக்குள் பல்வேறு இல்லங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் பிரித்தனுப்பப்பட்டனர். அடுத்தடுத்த கட்டிலில் ஆண்டுக்கணக்கில் பேசிப் பழகியவர்கள் வெவ்வேறு ஊர்களில் இறக்கிவிடப்பட்டால், அவர்களுக்கு அது மற்றுமொரு இடப்பெயர்வே.

2023இல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அனுமதியின்றி நடத்தப்பட்ட அன்பு ஜோதி ஆச்சிரமத்தின் கதை வேறொன்றைக் கற்பிக்கிறது. அங்கு சேர்க்கப்பட்ட முதியவரைக் காண வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரிடம், அவர் பெங்களூருக்கு மாற்றப்பட்டுவிட்டார் என்றனர். பெங்களூரிலும் அவர் இல்லை. விடயம் ஆட்கொணர்வு மனுவாகச் சென்னை உயர்நீதிமன்றம் சென்ற பின்னரே ஆச்சிரமத்தின் நிலை வெளிச்சத்துக்கு வந்தது. யார், எங்கே, என்று மாற்றப்பட்டார் என்ற ஒரு வரி ஒழுங்காக எழுதப்படாவிட்டால் மனிதரே காணாமற் போய்விடுவார்.

இவற்றைத் திருகோணமலையில் ஏன் எழுதுகிறோம்? பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வளைகுடாவிலும் இருக்க, பெற்றோர் துறைமுக நகரில் தனித்திருக்கும் குடும்பங்கள் இங்கு ஏராளம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையரில் 12.4 சதவீதத்தினர் 60 வயதை எட்டியிருந்தனர். இல்லங்கள் பெருகும், தரங்குறைந்தவையும் அவற்றுள் இருக்கும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தேசிய முதியோர் சபையையும் முதியோர் செயலகத்தையும் உருவாக்கியது. பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரும் பெற்றோர் முறையிடுவதற்கு ஒரு சபையையும் அமைத்தது. ஆயினும் இரத்து உத்தரவு பிறக்கும் இரவுக்குரிய ஏற்பாடு, மாவட்ட மட்டத்தில், உத்தரவுக்கு முன்னரே எழுத்தில் இருந்தாக வேண்டும்.

முதலாவது, பெயர்ப்பட்டியல். 2006இல் மூதூரிலிருந்து கால்நடையாக வெளியேறிய மக்களைக் கேட்டால் அதன் பெறுமதியைச் சொல்வார்கள். ஒவ்வொருவரதும் அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, உண்ணும் மருந்து, உறவினரின் தொலைபேசி இலக்கம் ஆகியன அவருடனேயே செல்ல வேண்டும். முதியோர் கொடுப்பனவும் ஓய்வூதியமும் புதிய முகவரிக்கு மாற்றப்படாவிட்டால் அடுத்த மாதமே அவர் கையேந்த நேரும். இல்லத்திடம் முற்பணம் செலுத்திய பிள்ளைகளுக்கு அறிவிப்பதும், அப்பணத்துக்குக் கணக்குக் கேட்பதும் எவரோ ஒரு குறித்த அதிகாரியின் பொறுப்பாக இருக்க வேண்டும்.

எங்கே அனுப்புவது என்பது அதைவிடச் சிக்கலானது. மறதிநோய் உள்ளவரை முன்னறிவித்தலின்றி இடம் மாற்றினால் குழப்பமும் விழுகையும் பின்தொடர்வதை வைத்தியர்கள் அறிவர். பொது வைத்தியசாலையின் கட்டில் நோயாளிக்குரியது. அதை இல்லமாக்கக் கூடாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் இம்மாவட்டத்தில் பேசும் மொழி, மரக்கறி உணவா ஹலால் உணவா, வழிபாடு எது என்பன கவனிக்கப்படாத இடமாற்றம் பாதுகாப்பாகாது. கிண்ணியாவைச் சேர்ந்த மூதாட்டியை வெகுதொலைவிலுள்ள மாவட்டமொன்றில் சேர்த்துவிட்டு, உறவினர் வந்து பார்ப்பதில்லையெனக் குறைகூற முடியாது. எனவே ஆபத்து உடனடியானதல்லாத வேளைகளில் இல்லத்தை மூடுவதைவிட, நிர்வாகியை அகற்றி, தற்காலிகப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, அதே ஊழியர்களுக்குச் சம்பளம் வழங்கி இல்லவாசிகளை இருந்த இடத்திலேயே வைத்திருப்பது மேலானதென நாம் கருதுகிறோம். அடியும் பட்டினியும் நிகழும் இடமாயின் ஒரு மணிநேரமும் தாமதிக்கலாகாது.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்தது. இதற்கெனப் புதிய நியதிச்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாகாண நிர்வாகத்தின் தலைமையகம் திருகோணமலை நகரிலேயே உள்ளது. மாகாண சமூக சேவைகள் திணைக்களம், மாவட்டச் செயலகம், சுகாதாரத் துறையினர், பொலிஸார் ஆகியோர் ஒரு மேசையில் அமர்ந்து, ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு மாற்று இல்லத்தையும் ஒரு பொறுப்பதிகாரியையும் பெயர் குறிப்பிட்டுச் சுற்றறிக்கையொன்றை வெளியிட முடியும்.