சிப்பிபிடிப்பான்: உணவும் இரைத்தேர்வும்

சிப்பிபிடிப்பான் கறுப்பு வெள்ளை உடலும் சிவந்து நீண்ட அலகும் கொண்ட கடற்கரைப் பறவை. எடை ஏறத்தாழ அரைக் கிலோ. ஐரோப்பாவிலும் ஆசியாவின் நடுப்பகுதியிலும் கூடு கட்டும் இவ்வினத்தில் ஒரு பகுதி, குளிர்காலத்தில் இந்தியக் கரைகளுக்கும் வரும்.

1731இல் இயற்கையியலாளர் மார்க் கேட்ஸ்பி இதன் அமெரிக்க உறவினத்துக்குச் சூட்டிய ஆங்கிலப் பெயர், முத்துச்சிப்பியை ஒத்த ஆளிகளைப் பிடிப்பது என்று பொருள்படும். ஐரோப்பியப் பறவை ஆளியை அரிதாகத்தான் தொடும். தமிழில் சிப்பி என்பது பல ஓட்டுயிர்களுக்கும் பொதுச்சொல் என்பதால் நம் பெயர் பொய்க்கவில்லை. கருநீலச் சிப்பியும் மட்டியும்தான் இதன் முதன்மை இரை. சேற்றுப் புழு, நண்டு, பாறையில் ஒட்டிய நத்தை ஆகியவையும் உண்டு. உள்நாட்டு வயல்களில் மண்புழு.

சிப்பியைத் திறக்க இரு வழிகள் உள்ளன. சில பறவைகள் ஓட்டைச் சம்மட்டி போல அடித்து உடைக்கும்; அவை மெல்லிய ஓடாகத் தேடும். வேறு சில, வாய் சற்றே திறந்திருக்கும் சிப்பிக்குள் அலகைச் செருகி மூடுதசையை வெட்டும். தொழிலுக்கேற்ப அலகும் மாறும்: அடிப்பவற்றின் நுனி மழுங்கல், செருகுபவற்றின் நுனி உளி, புழு உண்பவற்றின் நுனி கூர்மை. அலகு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.4 மி.மீ. வளர்ந்து தேய்வதால், இரை மாறினால் சில வாரங்களில் வடிவமும் மாறிவிடும். பெண்ணின் அலகு நீளம். அது புழுப் பக்கம் சாயும். ஆணின் அலகு குட்டை, தடிமன். ஓட்டுயிர் பக்கம் சாயும்.

இந்தக் கைவேலை பிறவியில் வருவதில்லை. பெரும்பாலான கரைப்பறவைக் குஞ்சுகள் பொரித்த நாளிலேயே தாமாக மேயும். இதன் குஞ்சுக்கோ பெற்றோர் வாரக்கணக்கில் ஊட்டுகின்றன.

பெரிய சிப்பியில் சதை அதிகம். ஆனால் ஓடு தடித்திருக்கும், உடைக்க நேரம் பிடிக்கும், பல முயற்சிகள் வீணாகும், அலகும் சேதமாகலாம். அதனால் மிகப் பெரியவற்றை விட்டு நடுத்தர அளவையே பறவை பெரிதும் எடுக்கிறது. பெரிய மட்டிகளில் ஒட்டுண்ணிகள் கூடுதல் என்பதும் அவற்றைத் தவிர்க்க ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பக்கத்துப் பறவை திறந்த சிப்பியைத் தட்டிப் பறிப்பது இன்னொரு வழி. வலுத்தவை அதைக் கூச்சமின்றிச் செய்கின்றன.

மேய்ச்சல் நேரத்தை ஓதம் தீர்மானிக்கிறது. நீர் வற்றும்போது இரவிலும் மேயும்.

மட்டி அள்ளும் மீனவர்களோடு இதற்குப் பழைய பகை உண்டு. தெற்கு வேல்ஸின் பெரி கழிமுகத்தில், மட்டி குறைவதற்கு இதுவே காரணம் என்று 1970களின் முற்பகுதியில் ஏறத்தாழ 10,000 பறவைகள் சுடப்பட்டன. மட்டி பெருகவில்லை. மறுபுறம், 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வாஷ் வளைகுடாவில் மட்டியும் சிப்பியும் அருகியபோது, குளிர்காலத்தில் இவை கூட்டமாக மடிந்தன. நெதர்லாந்தின் வாடன் கடலில் இயந்திரம் கொண்டு மட்டி அள்ளுவது 2005 முதல் நிறுத்தப்பட்டது.