வியர்வை நாற்றம் நீக்கும் வீட்டுப் பொருட்கள்

வியர்வை நாற்றம் நீக்கும் வீட்டுப் பொருட்கள் என்பன, கடைகளில் விற்கப்படும் நாற்றநீக்கிகளுக்குப் பதிலாக, அக்குள் முதலிய உடற்பகுதிகளில் தோன்றும் நாற்றத்தைக் குறைப்பதற்கு வீடுகளில் பயன்படுத்தப்படும் கனிம, தாவரப் பொருட்கள் ஆகும். தமிழ்நாட்டில் படிகாரம், நலங்கு மாவு, சந்தனம், வெட்டிவேர், வேப்பிலை ஆகியன இவ்வகையில் நெடுங்காலமாக அறியப்பட்டவை. எலுமிச்சைச் சாறும் ஆப்பசோடாவும் அண்மைக் காலத்தில் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றுள் சில உண்மையாகவே நாற்றத்தைக் குறைப்பன; சில மணத்தால் மறைப்பன; சில தோலுக்குத் தீங்கு செய்யக்கூடியன. வீட்டுப் பொருள் என்பதனால் மட்டும் ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது.

நாற்றம் தோன்றும் விதம்

மனித உடலில் 20 முதல் 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை உடலைக் குளிர்விக்கும் நீர்த்த வியர்வையைச் சுரப்பவை. அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களில் வேறு வகைச் சுரப்பிகளும் உள்ளன. இவை பருவமடையும் வயதில் செயற்படத் தொடங்கிப் புரதமும் கொழுப்பும் கலந்த நீர்மத்தைச் சுரக்கின்றன. சிறு குழந்தைகளின் வியர்வையில் நாற்றம் இல்லாமைக்கு இதுவே காரணம்.

புதிதாகச் சுரந்த வியர்வைக்கு ஏறக்குறைய மணமே கிடையாது. தோலில் வாழும் கோரினிபாக்டீரியம், இசுட்டாபிலோகாக்கசு முதலிய பாக்டீரியாக்கள் அதிலுள்ள பொருட்களைச் சிதைக்கும்போது வெளிப்படும் கொழுப்பமிலங்களும் கந்தகச் சேர்மங்களுமே நாற்றத்தைத் தருகின்றன. எனவே நாற்றத்தைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. வியர்வையைத் தடுக்கலாம், பாக்டீரியாக்களைக் குறைக்கலாம், அல்லது வேறு மணத்தால் மறைக்கலாம். கடைப் பொருட்களில் வியர்வைத் தடுப்பி முதல் வழியையும், நாற்றநீக்கி மற்ற இரண்டையும் பின்பற்றுகின்றன. பேச்சுவழக்கில் இரண்டையும் சேர்த்து 'டியோடரன்ட்' என்றே சொல்வதால் குழப்பம் நேர்கின்றது. வீட்டுப் பொருட்களுள் வியர்வையை நிறுத்தும் ஆற்றல் உடையது என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அவற்றைப் பயன்படுத்துவோருக்கு வியர்க்கவே செய்யும்.

உணவும் ஓரளவு காரணமாகும். வெங்காயம், பூண்டு ஆகியவற்றின் கந்தகச் சேர்மங்கள் வியர்வையில் வெளிப்படுகின்றன. வெந்தயம் மிகுதியாக உண்பவரின் வியர்வையில் வெந்தய மணமே வீசும்.

படிகாரம்

இப்பொருட்களுள் ஆற்றல் மிக்கதும் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் படிகாரமே ஆகும். நாட்டு மருந்துக் கடைகளில் கண்ணாடி போன்ற கட்டியாகக் கிடைக்கும் இது பொட்டாசியம், அலுமினியம் ஆகியவற்றின் இரட்டைச் சல்பேட்டு உப்பு. அம்மோனியப் படிகாரமும் இதே பெயரில் விற்கப்படுவதுண்டு. முடிதிருத்துவோர் சவரத்திற்குப் பின் முகத்தில் தேய்ப்பதும், கலங்கிய நீரைத் தெளிய வைப்பதும், சாயத் தொழிலில் துணியில் நிறம் பற்றிக்கொள்ளச் செய்வதும் இதன் பிற பயன்கள். சித்த மருத்துவத்தில் இது படிகார பற்பமாகச் செய்யப்படுகின்றது. கண்ணேறு படாதிருக்கக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கடை வாசலில் தொங்கவிடுவதும் உண்டு.

குளித்த பின் ஈரமான அக்குளில் படிகாரக் கட்டியை இரண்டு மூன்று முறை தேய்த்து உலரவிடுவதே வழக்கமான முறை. படிகாரக் கரைசல் அமிலத்தன்மையும் துவர்ப்பும் உடையது. பாக்டீரியாக்கள் பெருகுவதைத் தடுக்கின்றது. இதற்கெனத் தனி மணம் இல்லை, துணியில் எண்ணெய்க் கறையும் படியாது. ஒரு சிறு கட்டி பல மாதங்களுக்குப் போதுமானது.

"அலுமினியம் அற்ற இயற்கை நாற்றநீக்கி" என்று படிகாரத்தைப் பரிந்துரைப்பது பிழையாகும். படிகாரத்தின் எடையில் சுமார் 5.7 விழுக்காடு அலுமினியமே. அதன் மூலக்கூறு பெரியது, ஆகவே தோலுக்குள் செல்லாது என்ற விளக்கமும் பொருந்தாது. நீரில் கரைந்தவுடன் அது அயனிகளாகப் பிரிந்துவிடுகின்றது. வியர்வைத் தடுப்பிகளில் சேர்க்கப்படும் அலுமினியம் குளோரோஐதரேட்டு வியர்வையுடன் கலந்து கூழ்போலாகிச் சுரப்பியின் வாயை அடைக்கின்றது. படிகாரம் அவ்வளவாக அடைப்பதில்லை. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவேயன்றி, ஒன்றில் அலுமினியம் உண்டு மற்றதில் இல்லை என்பதன்று.

அலுமினியத்தைத் தவிர்க்க விரும்புவோர் பலரும் மார்பகப் புற்றுநோய் பற்றிய அச்சத்தினாலேயே அவ்வாறு செய்கின்றனர். வியர்வைத் தடுப்பிகளால் அந்நோய் உண்டாகின்றது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நிலைப்பாடு. 2004 இல் பிரித்தானியாவில் வெளியான ஓர் ஆய்வு மார்பகக் கட்டித் திசுக்களில் பாராபென் என்னும் பதப்படுத்தி இருப்பதைக் காட்டியது; அதனால்தான் கட்டி உண்டாயிற்று என்று அது நிறுவவில்லை. சிறுநீரக நோய் உடையோரின் நிலை வேறு. உடலிலிருந்து அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகமே ஆதலால், அலுமினிய வியர்வைத் தடுப்பிகளைப் பயன்படுத்துமுன் மருத்துவரைக் கேட்குமாறு அமெரிக்காவில் அவற்றின் உறையில் அச்சிடப்படுகின்றது. படிகாரத்தைப் பொட்டலமாக மடித்துத் தரும் கடைகளில் இத்தகைய எச்சரிக்கை எதுவும் கிடையாது.

நலங்கு மாவும் மணப்பொருட்களும்

நலங்கு மாவு பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, ரோசா இதழ், வெட்டிவேர் முதலியவற்றை உலர்த்தி அரைத்த குளியல் மாவு. வீட்டுக்கு வீடு கலவை மாறுபடும். பயற்று மாவு எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் உறிஞ்சி எடுக்கின்றது; கிழங்குகளின் எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் மணம் தருகின்றன. இது நாள் முழுவதும் உடலில் நிற்கும் பூச்சு அன்று, குளியலோடு முடிந்துவிடும். சில கலவைகளில் சேர்க்கப்படும் கார்போகரிசியில் சோராலென் என்னும் பொருள் உண்டு. இது தோலை வெயிலுக்கு மிகையாக உணர்வுடையதாக்குவதால், பூசிக்கொண்டு வெயிலில் செல்வோருக்குக் கொப்புளமும் கருமையும் ஏற்படலாம்.

சந்தனத்தின் எண்ணெயிலுள்ள சாந்தலோல் மணம் தருவதுடன் பாக்டீரியாக்களை ஓரளவு எதிர்க்கவும் செய்கின்றது. எனினும் உண்மையான சந்தனக்கட்டை விலை மிக்கது. மலிவு விலைச் சந்தனத் தூள்களில் செயற்கை மணமூட்டியே பெரும்பங்கு வகிப்பது வழக்கம். வெட்டிவேரை நீரில் ஊறவைத்து அந்நீரில் குளிப்பர். தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்தின் கடலோர மணற்பகுதிகளில் இது பயிரிடப்படுகின்றது. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய நீர் மணத்திற்காக அன்றி, வேர்க்குரு, அரிப்பு ஆகியவற்றுக்காகவே மிகுதியும் பயன்படுகின்றது.

எலுமிச்சை, ஆப்பசோடா, தேங்காய் எண்ணெய்

எலுமிச்சைச் சாற்றின் அமிலம் பாக்டீரியாக்களைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆயினும் சவரம் செய்த தோலில் அது கடுமையாக எரியும். எலுமிச்சையில், சிறப்பாக அதன் தோலில், உள்ள ஃபியூரோகுமரின்கள் வெயில் பட்டால் தீப்புண் போன்ற கொப்புளங்களை உண்டாக்கக்கூடும். தழும்பு மறையப் பல வாரங்கள் ஆகும்.

ஆப்பசோடா நாற்றத்திற்குக் காரணமான அமிலங்களை நடுநிலையாக்குகின்றது. தோலின் இயல்பான காரகாடித்தன்மை எண் ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை, ஆப்பசோடாக் கரைசலினது எட்டுக்கும் மேல். நாள்தோறும் பூசுவோருக்குத் தோல் சிவந்து உரிவது இதனாலேயே. இதைப் பூசிய உடனே எலுமிச்சைச் சாற்றையும் பூசுமாறு கூறப்படும் குறிப்புகளில் பொருள் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று முறித்து, நுரைத்து அடங்கிவிடும்.

தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் பாக்டீரியா எதிர்ப்பு உடையது. எண்ணெயில் கற்பூரம் கலந்து பூசும் வழக்கமும் உண்டு. கற்பூரம் சிறிதளவு விழுங்கப்பட்டாலும் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம் ஆகையால், கைக்குழந்தை உள்ள வீட்டில் இது தவிர்க்கப்பட வேண்டியது. ஈரத்தை உறிஞ்சுவதற்கு முகப்பூச்சு மாவுக்குப் பதிலாகக் கூகைக்கிழங்கு மாவும் பயன்படுகின்றது. முகப்பூச்சு மாவின் மூலப்பொருளான தால்க்கைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2024 இல் 'மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்' என்னும் பொருள்பட, 2ஏ பிரிவில் வகைப்படுத்தியது.

எல்லைப் பகுதி வழக்கு

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் வழங்குகின்றன. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரப் பிரதேசத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. தமிழில் படிகாரம் எனப்படுவது தெலுங்கில் பட்டிக்க, நலங்கு மாவுக்கு நிகரான குளியல் மாவு சுன்னிப்பிண்டி, வெட்டிவேர் வட்டிவேரு. திருத்தணி முருகன் கோயிலில் சந்தனத்திற்குச் சிறப்பிடம் உண்டு. அங்குள்ள சந்தனம் அரைக்கும் கல் இந்திரன் அளித்தது என்பது தல மரபு.

கோடையில் 40 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் அடிக்கடி பதிவாகும் ஊர்களுள் திருத்தணியும் ஒன்று. அருகிலுள்ள பொதட்டூர்பேட்டை நெசவுத் தொழிலுக்கு அறியப்பட்டது. நெசவைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பருத்தியைவிடப் பாலியெசுட்டர் ஆடையில் நாற்றம் மிகுதியாகத் தோன்றுகின்றது என்பதை 2014 இல் வெளியான பெல்சிய ஆய்வு காட்டியது. பாலியெசுட்டர் ஈரத்தை உள்வாங்காது. எண்ணெய்ப் பொருட்களைப் பற்றிக்கொள்ளும். நாற்றம் தரும் மைக்ரோகாக்கசு பாக்டீரியா அதில் நன்கு வளரும். அன்றாடம் துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தி ஆடை, மேலே கூறப்பட்ட பூச்சுகள் பலவற்றினும் பயனுடையது எனலாம்.

மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

உள்ளங்கையிலும் அக்குளிலும் காரணமின்றி மிகையாக வியர்த்தல் ஒரு நோய்நிலை. அதற்குத் தனி மருத்துவம் உண்டு. உடலில் மீன் நாற்றம் வீசுவது டிரைமெத்திலமினூரியா என்னும் அரிய மரபு நோயின் அறிகுறியாகலாம். நாற்றம் திடீரென மாறுதல், அக்குளில் கட்டி அல்லது சீழ், பூச்சுக்குப் பின் நீங்காத எரிச்சல் ஆகியவற்றுக்கு வீட்டுப் பொருட்களை மாற்றி மாற்றிப் பூசுவது நோயறிதலைத் தாமதப்படுத்தும்.

சொல் பற்றி

நாற்றம் என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. ஐம்புல நுகர்ச்சிகளுள் ஒன்றன் பெயரும் அதுவே. தீய மணத்தை மட்டும் சுட்டுவது பிற்கால வழக்கு. 'வாசனை' வடமொழியிலிருந்து வந்து நல்ல மணத்தின் இடத்தைப் பேச்சுவழக்கில் பிடித்துக்கொண்டது.